வெள்ளை வளையம் போட்ட இரண்டு டயர்கள்

என் வீட்டுக் கூடத்தில் என் கல்யாணப் புகைப்படம் தொங்குகிறது. வருகிறவர்கள் அதில் என்னையும் பார்ப்பதில்லை, என் மனைவியையும் பார்ப்பதில்லை. காரைத்தான் பார்க்கிறார்கள். பூச்சரம் சுற்றிய குட்டிக் கார், இடது பக்கம் தெரிகிற மாதிரி நிற்கிறது. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டிலும் பால் வெள்ளையில் வளையம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த வளையங்கள் மணப்பெண்ணின் முக்காட்டைவிடப் பளிச்சென்று இருக்கும். என் அக்கா மகள் கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் தன் பேரப்பிள்ளைகளிடம், "இது எங்கப்பா காரு" என்று காட்டுவாள். அவளுக்கு அவள் அப்பாவைத் தெரியாது. பார்த்ததில்லை.

படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். காரின் வலது பக்கச் சக்கரங்கள் இரண்டும் மொட்டை. கோடே இல்லாமல் தேய்ந்து போனவை. அவை தெரியக் கூடாது என்றுதான் காரை அப்படித் திருப்பி நிறுத்தினேன்.

கார் என் மச்சானுடையது. என் ஒரே அக்காவின் கணவர். பெரம்பலூரில் டாக்டராக இருந்தார். எங்கள் குடும்பம் ஏலாக்குறிச்சிப் பக்கம், கோயில் மணி கேட்கிற தூரத்தில் நிலம் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம். நான் திருச்சியில் பி.ஏ. படித்துவிட்டுப் பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்தபோது அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். மச்சான்தான் எனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். அதில் இரண்டு பேர் வசதியாகவும், நான்கு பேர் முட்டிக்கொண்டும் உட்காரலாம். ஊரில் அதற்குத் தீப்பெட்டி என்று பெயர்.

ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்ததும் ரப்பர் வருவது நின்றுபோனது. டயர் வேண்டுமென்றால் சர்க்கார் அனுமதிச் சீட்டு வேண்டும். அதுவும் டாக்டர் போன்றவர்களுக்குத்தான். மச்சான் மனுப் போட்டார். சீட்டு வருவதற்குள் அவர் பட்டாளத்து மருத்துவப் பிரிவில் சேர்ந்துவிட்டார். ஆடி மாதத்தில் கிளம்பினார். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து வந்த முதல் பிள்ளை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மச்சான் காரைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, டயரு ரெண்டுதான் குடுப்பான். நல்லதாப் பாத்து எடு. ஓரத்த மடக்கிப் பாரு. மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தா தொடாத. அது நின்னு காஞ்சுபோன சரக்கு. வாங்கினா முன்னாடி ரெண்டுலயும் போடு."

"சரி மச்சான்."

"உங்கக்காவுக்காகத்தான் சொல்றேன். அவளுக்கு ஒண்ணுன்னா வண்டி ஓடணும். நான் இல்லாதப்ப அவளுக்குக் காலு இந்த வண்டிதான்."

மார்கழியில் சீட்டு வந்தது. தை மாதக் கடைசியில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடித்தாக வேண்டும். மந்திரித்த தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஊர்வலமாக அழைத்துப் போவது எங்கள் வழக்கம். வசதியில்லாதவர்கள் கூண்டு மாட்டு வண்டியில் போவார்கள். நான் காரில் போவது என்று முடிவு செய்திருந்தேன். திருச்சியிலிருந்து படம் எடுப்பவரையும் வரச் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் அதுவரை யாரும் காரில் ஊர்வலம் போனதில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு அரியலூருக்குப் போனேன். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு ராவுத்தர் டயர்க் கடை வைத்திருந்தார். எங்கள் கார் அளவுக்கு இரண்டு ஜோடி இருப்பதாகச் சொல்லி வெளியே உருட்டி வந்தார்.

ஒரு ஜோடி போர்க்காலத்துச் சரக்கு. மங்கிய சாம்பல் நிறம். கனமாக, முரட்டுத்தனமாக, மாட்டு வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டா மாதிரி இருந்தது. இன்னொரு ஜோடி போருக்கு முன்னால் வந்தது. யாரோ ஒரு பெரிய பண்ணைக்காரர் சொல்லி வரவழைத்து, பிறகு எடுக்காமல் விட்டது. பக்கவாட்டில் வெள்ளை வளையம். ராவுத்தர் ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்ததும் அந்த வெள்ளை கண்ணைப் பறித்தது. நான் அதைச் சுற்றி வந்தேன். மறுபடியும் சுற்றி வந்தேன்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்கறீங்க?"

"பொண்ணு பாத்தாச்சு பாய். இது ஊர்வலத்துக்கு."

அவர் சிரித்தார். பிறகு சாம்பல் டயரைக் காலால் தட்டினார்.

"ஊர்வலத்துக்குன்னா அது. ஓட்டத்துக்குன்னா இது. ரெண்டும் நம்ம சரக்குதான், எனக்கு ஒண்ணும் இல்ல. டாக்டரு வண்டியாச்சேன்னு சொல்றேன்."

"போருக்கு முந்தினது அசல் ரப்பருங்கறாங்களே பாய்?"

"அசலுதான். ஆனா எத்தன நாளா நின்னுது பாருங்க. நிக்கிற டயரும் நிக்கிற மாடும் ஒண்ணு தம்பி, எந்திரிக்கும்போதுதான் தெரியும்."

உள்ளிருந்து யாரோ கூப்பிட, அவர் போனார். நான் குந்தி உட்கார்ந்து வெள்ளை டயரின் ஓரத்தை இரண்டு கையாலும் மடக்கிப் பார்த்தேன். மச்சான் சொன்னது அங்கே இருந்தது. மயிரிழைகள். ஒன்றல்ல, வளையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே, கோடையில் ஏரி மண் வெடித்த மாதிரி. கையை எடுத்தேன். டயர் தன் வடிவத்துக்குத் திரும்பியது. வெடிப்புகள் மூடிக்கொண்டன. வெள்ளை மட்டும் தெரிந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்காவை நினைத்தேன். நினைக்காமல் இல்லை. பிரசவத்துக்கு அம்மா மாசியில் வந்துவிடுவாள், மருத்துவச்சி இருக்கிறாள், கார் தேவைப்படாது என்று நினைத்தேன். தேவைப்பட்டாலும் திருச்சிக்கு ஒரு நடைதானே, அதற்குத் தாங்கும் என்று நினைத்தேன். பிறகு ஊர்த் தெருவில் காரை விட்டு இறங்குவதை நினைத்தேன். ராவுத்தர் திரும்பி வந்தபோது வெள்ளையைக் கைகாட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

முன் சக்கரங்களில் போடச் சொல்லியிருந்தார் மச்சான். அப்படிப் போட்டால் ஒரு பக்கத்துக்கு ஒரு வளையம்தான் தெரியும். படத்தில் அரைகுறையாக இருக்கும். நான் இரண்டையும் இடது பக்கத்திலேயே மாட்டினேன்.

ஊர்வலத்தில் என் சிநேகிதர்கள் சும்மா இருக்கவில்லை.

"டேய், மாப்பிள்ள வேட்டியவிட டயரு வெளுப்பா இருக்குடா!"

"வலது பக்கம் வந்து பாருடா. அது மாமனாரு வூட்டுப் பக்கம் போல, மொட்ட!"

எல்லோரும் சிரித்தார்கள். நிறைமாதத்தில் வாசலில் நின்ற அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்யாணம் முடிந்து சக்கரங்களை மாற்றிப் போட வேண்டும் என்று இருந்தேன். போடவில்லை.

மாசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரம்பலூர் வீட்டிலேயே, அம்மாவும் மருத்துவச்சியும் கூட இருக்க, சுகப் பிரசவம். கார் தேவைப்படவில்லை. நான் தப்பித்துக்கொண்டதாக நினைத்தேன். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. 'பாப்பாவுக்கு என் மூக்கா உன் மூக்கா?' என்று எழுதியிருந்தார். அக்கா அந்த ஒரு வரியை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, "அவங்களே வந்து பாத்துச் சொல்லட்டும்" என்பாள்.

சித்திரை வெயிலில் ஒரு மாலை, சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் வாசலில் நின்றார். மச்சானுடன் பழகியவர். பட்டாளம் போகிற வழியைக் கடிதத்தில் எழுதக் கூடாதாம், தணிக்கையில் அடித்துவிடுவார்களாம். அதனால் வாய் வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மச்சானுடைய பிரிவு கடல் கடந்து போகிறது. ரயில் நாளை மதியத்துக்கு மேல் அரியலூர் வழியாகப் போகும். அங்கே இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும். அந்த நேரத்தில் பாப்பாவைக் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேட்டாராம்.

அக்கா அன்று சாயங்காலம் முழுக்க உட்காரவில்லை. குழந்தையின் சட்டையைத் துவைத்தாள். காய்ந்ததும் பிடிக்கவில்லை என்று வேறொன்றைத் துவைத்தாள்.

"காலைல கரி பஸ்ல போயிடலாமாடா?" என்றாள். பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடிய பஸ் அது. மெதுவாகப் போகும், ஆனால் போய்விடும். "சீக்கிரமே போயி ஸ்டேஷன்ல உக்காந்துக்குவோம்."

"பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு அந்தப் புகையிலயாக்கா? பெட்ரோல் கூப்பன் இந்த மாதிரி அவசரத்துக்குன்னே சேத்து வச்சிருக்கேன். வெயில் ஏறுனாலும் ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

"டயரெல்லாம் நல்லா இருக்கா?"

"புதுசுதானேக்கா."

அவள் தலையாட்டினாள். வீட்டில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொன்னால் சரி.

மறுநாள் முற்பகலிலேயே நேரத்தோடு கிளம்பினோம். அக்கா முன்னால் என் பக்கத்தில், மடியில் குழந்தை. தன் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் கட்டாத பட்டுப் புடவை. சாலை சுண்ணாம்புக் கல் பரப்பிய சாலை. வெள்ளையாகக் கண் கூசும். பேரளி தாண்டியதும் பின்னால் வெடிச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. குழந்தை வீரிட்டது. இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயர். பஞ்சர் அல்ல. வெள்ளை வளையத்தை ஒட்டி ஒரு முழத்துக்குக் கிழிந்து டியூப் வெளியே தொங்கியது.

ஸ்டெப்னியை மாட்டினேன். அது முன்பு கழற்றிய மொட்டை டயர். இறுகிக் கிடந்த நட்டுகளைக் கழற்றுவதற்குள் நேரமானது. அக்கா புளிய மரத்தடியில் நின்று, "நேரம் இருக்குடா, பதறாத" என்றாள்.

அதற்கப்புறம் மெதுவாகத்தான் ஓட்டினேன். அரியலூர் இன்னும் கொஞ்ச தூரம் என்ற இடத்தில் முன் டயரும் போயிற்று. அதே மாதிரி, அதே இடத்தில், வளையத்தை ஒட்டி. இந்த முறை மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் டியூப் கிடைக்காதவர்கள் டயருக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு ஓட்டுவார்கள். பக்கத்துக் களத்தில் வைக்கோல்போர் இருந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் கேட்டதும் அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து திணித்தோம்.

"ஏங்க, மாட்டுக்குப் போடறத காருக்குப் போடறீங்களே, பாலு கறக்குமா?" என்றார் அந்த ஆள்.

"கறந்தா ஒனக்கு ஒரு சொம்பு தாரேன், நல்லாத் திணிய்யா" என்றாள் அக்கா. அப்போதும் அவள் சிரித்தாள். நேரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

வைக்கோல் டயரில் கார் நொண்டி நொண்டிப் போனது. கிழிந்த வாய் வழியாக வைக்கோல் சாலை நெடுக உதிர்ந்தது. நல்ல டயராக இருந்திருந்தால் வைக்கோலைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்துபோன ரப்பர் இன்னும் இன்னும் கிழிந்தது. கடைசியில் டயரே ரிம்மை விட்டுக் கழன்று சாலையோரம் போய் விழுந்தது.

கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று பின்னால் வந்தது. அக்காவை மூட்டையின் மேல் ஏற்றிவிட்டு நான் கூடவே ஓடினேன். ஊர் கண்ணுக்குத் தெரிந்தபோது ரயில் வருகிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர் மாட்டின் வாலை முறுக்கினார். அக்கா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். ரயில் நின்றது. சத்தம் அடங்கியதில் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஊதல் கேட்டது.

நாங்கள் போனபோது பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாயின் வாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே தரை நனைந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு போர்ட்டர் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பெரம்பலூரு டாக்டரு வூட்டம்மாங்களா?"

அக்கா தலையாட்டினாள்.

"டாக்டரு ஸ்டேஷன் கேட்டு வாசல்ல போயி நின்னுட்டாருங்க. ரோட்டையே பாத்துக்கிட்டு. தீப்பெட்டி மாதிரி ஒரு காரு வரும், வந்தா கை காட்டுன்னு எங்கிட்டயும் சொல்லி வச்சாரு. கூட இருந்தவங்க எவ்வளவு கூப்புட்டும் ஏறல. வண்டி நகுந்தப்பறம்தான் ஓடியாந்து ஏறுனாரு. இத குடுக்கச் சொன்னாருங்க."

ஒரு டின் கெட்டிப் பால். பட்டாளத்தில் கொடுப்பது. அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அதை உடைத்துத் தரச் சொன்னாள். விரல் நுனியில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். "அப்பா குடுத்தது" என்றாள். குழந்தை சப்புக் கொட்டியது. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

திரும்பும்போது கரி பஸ்ஸில் வந்தோம். எங்கள் கார் சாலையோரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அப்போது கேட்டாள்.

"டயரப் பாத்துத்தானேடா வாங்கின?"

"பாத்துத்தான்க்கா வாங்குனேன்."

"அப்ப அந்தக் கடக்காரப் பாவிதான் காஞ்ச சரக்க ஒந்தலையில கட்டிட்டான்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்கா அந்தக் கடை இருக்கும் தெரு வழியாகப் போவதில்லை. ரயிலுக்கு வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். ராவுத்தர் என்னை அரியலூர்க் கடைவீதியில் பார்த்தபோது, "டயரு எப்படி தம்பி ஓடுது?" என்று ஒரு தரம் கேட்டார். "நல்லா ஓடுது பாய்" என்றேன். அவரை வீட்டில் திட்டுவது அவருக்குத் தெரியாமலே போனது.

மறு வருஷம் மழைக்காலத்தில் தந்தி வந்தது. பர்மா எல்லையில் காய்ச்சல் கண்டு மச்சான் இறந்துவிட்டார். புதைத்த இடம்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

நான் கோயிலுக்குப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முட்டி போட்டுப் பங்குச் சாமியாரிடம் டயர் வாங்கிய கதையைச் சொன்னேன்.

"அவரு புள்ளயப் பாக்கக் கூடாதுன்னு வேணும்னே செஞ்சியா?" என்றார்.

"இல்ல சாமி."

"அப்ப வீணா மனசப் போட்டுக் குழப்பிக்காத. ஆடம்பரத்துக்கு மனஸ்தாபப்படு. ஒரு செபமாலை சொல்லு."

சொன்னேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் நான் பிழை செய்தது அக்காவுக்கும் அந்தக் குழந்தைக்கும். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். "அக்காகிட்ட சொல்லிடுங்க. அழுவாங்க, திட்டுவாங்க, அப்பறம் சோறு போடுவாங்க" என்றாள். அவள் சொன்னது சரி. அக்கா அப்படித்தான் செய்திருப்பாள். எனக்கு அது தெரிந்தும் வாய் வரவில்லை.

காரை விற்றோம். வாங்கியவர், நாங்கள் எடுத்து வந்து வைத்திருந்த கிழிந்த டயர்கள் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனார். அக்கா அவற்றைக் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவருக்குக் கொடுத்துவிட்டாள். போர்க்காலத்தில் டயர்ச் செருப்புக்கு நல்ல கிராக்கி. அவர் ஓடுகிற பாகத்தை அடிப்பாகமாகவும், பக்கவாட்டில் வெடிப்பில்லாத துண்டுகளைத் தேடியெடுத்து வாராகவும் வெட்டித் தைத்தார். அதனால் பெரம்பலூரில் சில பேர் காலில் வெள்ளை வார் போட்ட செருப்பு வந்தது. எங்கே பார்த்தாலும் என் கண்ணுக்கு அது முதலில் படும். பள்ளிக்கூட வாசலில், சந்தையில், பஸ் நிற்கிற இடத்தில்.

போர் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருந்தோம். அக்கா, நான், குழந்தை. அதற்கு நன்றாக நடக்கிற வயது. கோயில் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஒரு ஜோடி, வெள்ளை வார். மண் படிந்து பழுப்பேறியிருந்தது, ஆனாலும் வெள்ளை. குழந்தை அக்காவின் கையை உதறிவிட்டுப் போய் அதில் காலை நுழைத்துக்கொண்டது. பெரிய ஆள் செருப்பு. இழுத்து இழுத்து நடந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"பாருடா, செருப்பாவாச்சும் நல்லா ஒழைக்குது" என்றாள் அக்கா. கோபமில்லை, குத்தலும் இல்லை. பிறகு குழந்தையிடம், "கழட்டு கண்ணு, அது நம்முளுது இல்ல" என்றாள்.

நான்தான் குனிந்து அதன் காலிலிருந்து செருப்புகளைக் கழற்றினேன். வாரில், விரலுக்கு அடியில், அந்த வெடிப்பு ஒன்று தட்டுப்பட்டது. அக்கா பக்கத்தில்தான் நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எனக்காகக் காத்திருந்தாள். சொல்லியிருக்கலாம். செருப்புகளை இருந்த இடத்தில் ஜோடியாக வைத்தேன். பூசை மணி அடித்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் உள்ளே போனேன்.